உள்ளத்தின் அமைதியும் இருதயத்தின் நலமும்

ஒரு நாள் இரவு. இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் விளக்குகளை அணைக்கும் நேரம். நமது மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஹஜ்ரத், உம்மாவுக்குக் காலையிலிருந்து நெஞ்சை அடைக்குதுன்னு சொல்றாங்க. இத்தாவிலே இருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா, கூடாதா?"

அவருடைய தந்தை மௌத்தாகி அன்று ஐந்தாம் நாள். காலையில் வலி தொடங்கியபோது, துக்கத்தினால் வந்த நெஞ்சுக் கனம்தான் என்று வீட்டிலிருந்த பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். யாஸீன் ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுத்தார்கள். மாலையில் வியர்வை கொட்டியது, மூச்சு வாங்கியது. அப்போதும் இத்தா என்ற ஒரு தயக்கம். இவ்வாறே ஒரு பகல் முழுவதும் கழிந்துவிட்டது.

"உடனே கொண்டு போங்கள். தாமதிப்பதுதான் கூடாது" என்று சொல்லி அனுப்பினோம். முதலில் மாரடைப்பு என்றே டாக்டர்கள் நினைத்தார்கள். இருதயத்தின் இரத்தக் குழாய்களைப் படம் பிடித்துப் பார்த்தபோது அடைப்பு எதுவும் இல்லை. ஆனால் இருதயத்தின் அடிப்பகுதி சுருங்கி விரியும் சக்தியை இழந்து, பை போல ஊதியிருந்தது. பெரும் துக்கத்தின் தாக்குதலால் இப்படியும் வருவதுண்டு என்று டாக்டர் விளக்கினார். அல்லாஹ்வின் கிருபையால் சில வாரங்களில் அந்தத் தாயார் குணமடைந்தார்கள்.

இதை எழுதக் காரணம் அந்த மஸ்அலா மட்டுமல்ல. ஜனாஸா எடுத்த அன்று அந்தத் தாயார் சப்தமின்றிக் கண்ணீர் வடித்துக் கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, "அழக் கூடாது, ஈமான் உள்ளவர்கள் கலங்க மாட்டார்கள் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்" என மகனிடம் சொல்லி அனுப்பியவர்கள் நாமே. நல்ல உபதேசம் என்றுதான் எண்ணியிருந்தோம். பின்னர் கிதாபுகளை மீண்டும் புரட்டிப் பார்த்தபோது நாம் சொன்னது நபிவழி அன்று என்பது விளங்கிற்று. நம்மைப் போல் சொல்பவர்கள் வேறு பலரும் இருக்கக் கூடும். ஆகவேதான் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

கல்பு என்பது எது?

உடலில் ஒரு சதைத் துண்டு இருக்கிறது. அது சீரானால் உடல் முழுவதும் சீராகிவிடும், அது கெட்டால் உடல் முழுவதும் கெட்டுவிடும், அதுவே கல்பு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. ஹலாலையும் ஹராமையும் விளக்கும் ஹதீஸ் அது. ஆகவே அதன் முதல் நோக்கம் உள்ளத்தின் தூய்மையே ஆகும். அதை வைத்திய சாஸ்திர வாக்கியமாக மட்டும் ஆக்கிவிடக் கூடாது.

ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் என்னும் நூலில், கல்பின் அற்புதங்களைப் பற்றித் தனிப் பாகமே எழுதியுள்ளார்கள். கல்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு என்று அவர்கள் அதில் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று, நெஞ்சின் இடப்பக்கத்தில் அமைந்துள்ள மாமிசத் துண்டு. அது மிருகங்களுக்கும் உண்டு, மையித்திலும் உண்டு. மற்றொன்று, கண்ணால் காண முடியாத நுட்பமான பொருள். அறிவதும் உணர்வதும் அதுவே. நாளை விசாரிக்கப்படுவதும் அதுவே. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. அது எத்தகையது என்பதில் அறிவுகள் திகைத்து நிற்கின்றன என்றும் இமாமவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றை விட்டு ஒன்று தனித்திருப்பதுமில்லை. இதை மறந்தவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். உள்ளத்துக்கும் உடலுக்கும் சம்பந்தமே இல்லை என்று எண்ணி, மாத்திரையே போதும் என்பவர் ஒருவர். நெஞ்சில் வரும் எல்லா வலியும் உள்ளத்தின் குறையே என்று எண்ணி, ஓதினால் போதும் என்பவர் மற்றொருவர். இரண்டாமவரின் பிழையால்தான் அன்று ஒரு பகல் வீணாயிற்று.

இன்றைய வைத்தியம் என்ன சொல்கிறது?

நமது இருதயம் நிமிடத்துக்கு எழுபது முறை அடிப்பதாகக் கொண்டால் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அடிக்கிறது. நாம் ஏவுவதால் அது அடிப்பதில்லை. ஆயினும் பயம், கோபம், துக்கம் ஆகியவை அதை உடனே எட்டிவிடுகின்றன. ஆபத்தைக் கண்டதும் மூளை உத்தரவிட, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்னும் நீர் இரத்தத்தில் கலக்கிறது. நாடி விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. பாம்பைக் கண்டு ஓடுகிறவனுக்கு இது ரஹ்மத்து. ஓட வேண்டிய பாம்பு எதுவும் இல்லாமல், கடனையும் குடும்பச் சண்டையையும் எண்ணி இரவும் பகலும் இதே நிலையில் இருப்பவனுக்கு, இரத்தக் குழாய்களின் உட்சுவர் நாளடைவில் பழுதாகிறது.

மனம் சோர்ந்தவரிடம் வேறொரு வழியாகவும் தீங்கு வருகிறது. அவர் நேரத்தில் உண்பதில்லை; நடப்பதில்லை; மாத்திரையை மறக்கிறார்; சிலர் பீடி, சிகரெட்டில் ஆறுதல் தேடுகிறார்கள்.

2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற ஆராய்ச்சியைக் கவனியுங்கள். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இருதய நிபுணர் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் அது நடந்தது. முதல் தடவை மாரடைப்பு ஏற்பட்ட சுமார் 15,000 பேரையும், அது ஏற்படாத ஏறத்தாழ அதே தொகையினரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புகை பிடித்தல், இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மது, காய்கனிகள் உண்ணாமை, உடல் உழைப்பின்மை ஆகியவற்றோடு மன நெருக்கடியையும் சேர்த்து ஒன்பது காரணங்களை அவர்கள் கணக்கிட்டார்கள். வீட்டிலும் வேலையிலும் உள்ள நெருக்கடி, பணக் கஷ்டம், வாழ்க்கையில் நேர்ந்த பெரும் துன்பங்கள், மனச்சோர்வு ஆகியவையே அந்த ஒன்பதாவது காரணம். 2021-ல் அமெரிக்க இருதயச் சங்கமும் உள்ளத்தின் நலத்தையும் இருதயத்தின் நலத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று டாக்டர்களுக்கு விரிவான அறிக்கை வெளியிட்டது. நம்பிக்கை, நன்றியுணர்வு போன்ற நல்ல மனநிலைகள் உள்ளவர்களிடம் இருதய நோய் குறைவாகக் காணப்படுவதாகவும் அதில் கூறப்பட்டுள்ளது.

அந்தத் தாயாருக்கு வந்த நோயை 1990-ல் ஜப்பானின் ஹிரோஷிமாவைச் சேர்ந்த டாக்டர்கள் முதன்முதலில் எழுதிவைத்தார்கள். எட்டுக்கால் கணவாயைப் பிடிக்க ஜப்பானிய மீனவர்கள் கடலில் இறக்கும் பானைக்குத் தகோட்சுபோ என்று பெயர். நோயுற்ற இருதயம், குறுகிய கழுத்தும் ஊதிய அடியுமாக அந்தப் பானையைப் போல் தோற்றமளித்ததால் நோய்க்கும் அதே பெயர் வந்தது. இந்நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதினர். சிலருக்குத் துக்கமும் அதிர்ச்சியும் காரணமாகின்றன. சிலருக்கு வேறு உடல் நோய் காரணமாகிறது. சிலரிடம் காரணமே தென்படுவதில்லை. பெரும்பாலோர் குணமடைந்து விடுகிறார்கள். ஆயினும் இது விளையாட்டான நோயன்று, உயிரிழந்தவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இதையும் மாரடைப்பையும் வேறுபடுத்தி அறிய யாராலும் முடியாது.

அன்புக்குரியவர் மறைந்த முதல் நாளில் மாரடைப்பு அபாயம் சாதாரண நாட்களைவிட இருபது மடங்குக்கு மேல் உயர்ந்து, அடுத்தடுத்த நாட்களில் படிப்படியாகக் குறைகிறது என்று 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. மையித்து வீட்டில் இருப்பவர்களின் உடல் அந்நாட்களில் எத்தகைய நிலையில் இருக்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நபிமார்கள் கலங்கவில்லையா?

ஈமான் உள்ளவர்களுக்குத் துக்கம் வராது என்று சொல்கிறவர்கள் திருக்குர்ஆனைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போயின என்று ஸூரத்து யூஸுஃபின் 84-ஆவது வசனம் சொல்கிறது. உள்ளத்தின் துயர் உடலின் உறுப்பைத் தாக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அவர்களின் ஈமானில் குறை என்று யாராவது சொல்வார்களா? தமது துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் சொன்னதை 86-ஆவது வசனத்தில் காண்கிறோம். துயரத்தை மறைப்பது அழகிய பொறுமை என்று எண்ணுகிறோம். துயரத்தை உரிய இடத்தில் இறக்கி வைப்பதே அழகிய பொறுமை என்று அந்த நபி நமக்குக் காட்டினார்கள்.

குழந்தையை நீல நதியில் விட்ட மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும், அல்லாஹ் அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்தியிராவிட்டால் அவர் இரகசியத்தையே வெளிப்படுத்தியிருப்பார் என்றும் ஸூரத்துல் கஸஸின் 10-ஆவது வசனம் தெரிவிக்கிறது. வஹீயின் மூலம் வாக்களிக்கப்பட்டிருந்த தாய்க்கே இந்த நிலை!

நமது நாயகம் (ஸல்) அவர்களோ, அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் ஒரே ஆண்டில் இழந்தார்கள். நுபுவ்வத்தின் பத்தாம் ஆண்டு அது. துக்க ஆண்டு என்றே சரித்திரத்தில் அதற்குப் பெயர். பின்னாளில் குழந்தை இப்ராஹீம் மடியிலேயே உயிர் பிரியும்போது நாயகத்தின் திருக்கண்கள் நீர் சொரிந்தன. கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடிக்காத எதையும் நாவால் சொல்ல மாட்டோம் என்ற கருத்தில் அப்போது அவர்கள் கூறியதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது புகாரியில் உள்ளது. விலக்கப்பட்டது மாரில் அடித்துக் கொண்டு, ஆடையைக் கிழித்து, ஒப்பாரி வைப்பதுதான். கண்ணீர் விலக்கப்படவில்லை, அது ரஹ்மத்து. இதைத்தான் அன்று நாம் அந்தத் தாயாருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மையித்து வீட்டில் நபிவழி

ஹிஜ்ரி 8-ல் மூஅத்தா யுத்தத்தில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவுக்கு எட்டியது. ஜஃபருடைய குடும்பத்தாருக்கு உணவு தயாரித்துக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அவர்களுடைய கவனம் முழுவதையும் பிடித்துக் கொள்ளும் துயரம் அவர்களுக்கு வந்துவிட்டது என்பதை அதற்குக் காரணமாகவும் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இதைக் காணலாம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கத்தையும் கவனியுங்கள். அவர்களுடைய குடும்பத்தில் மௌத்து நேர்ந்து, கூடியிருந்த பெண்கள் கலைந்து, வீட்டாரும் நெருங்கிய உறவினரும் மட்டும் எஞ்சியிருக்கும்போது, ஒரு சட்டி தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். தல்பீனா என்பது வாற்கோதுமை மாவில் காய்ச்சும் இளங்கஞ்சி. நோயாளியின் உள்ளத்துக்கு அது இளைப்பாறுதல் தரும், துக்கத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிருப்பதாகவும் அறிவிப்பார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. அன்னையவர்கள் எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சிந்தியுங்கள். கூட்டம் இருக்கும்போது அன்று. கூட்டம் கலைந்த பிறகு! துக்கம் முழுப் பாரத்தோடு வந்து இறங்கும் நேரம் அதுவே அல்லவா?

நமது ஊர்களில் நடப்பதென்ன? வந்தவர்களுக்கெல்லாம் மையித்து வீட்டாரே சமைத்துப் போட வேண்டியிருக்கிறது. கணவரை இழந்தவர் அடுப்பங்கரைக் கணக்கையும் பார்க்க வேண்டும். கூட்டம் கலைந்த பின் அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, வழக்கமான இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கினாரா என்று கேட்க ஆளில்லை. சுன்னத்து இதற்கு நேர்மாறானது.

கோபமும் கடனும் தனிமையும்

தமக்கு உபதேசிக்குமாறு கேட்ட ஒருவரிடம், கோபம் கொள்ளாதே என்பதையே நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிற்பவர் கோபமுற்றால் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக் கொள்ளட்டும் என்றும் வழி காட்டினார்கள். கடுங்கோபத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் வரை மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்வதாக 1995-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது. ஒரு கோபத்தால் எல்லோரும் வீழ்ந்துவிடுவார்கள் என்பது இதன் பொருளன்று. முன்பே இருதயம் பழுதுபட்டவருக்கு ஒவ்வொரு கோபமும் ஓர் அபாயம் என்று கொள்ளலாம். வீட்டில் இருதய நோயாளி இருந்தால், அவர் கோபத்தை அடக்கப் பழகுவதும், அவரைக் கோபமூட்டாமல் மற்றவர்கள் நடப்பதும் இரண்டுமே கடமை.

கோபத்தை அடக்குவது என்றால் விழுங்கி உள்ளே புளிக்க வைப்பதா? அல்ல. ஆல இம்ரான் 134-ஆவது வசனம் கோபத்தை மென்று விழுங்குவோரைப் புகழ்ந்த கையோடு, மனிதர்களை மன்னிப்போரையும் சேர்த்தே புகழ்கிறது. மன்னிப்பு வந்தால்தான் விழுங்கிய கோபம் செரிக்கும்.

கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம் ஆகியவற்றிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி வந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கவலையையும் கடனையும் ஒரே துஆவில் சேர்த்த நாயகத்தின் ஞானத்தை எண்ணிப் பாருங்கள். 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சியிலும் மன நெருக்கடிகளின் வரிசையில் பணக் கஷ்டம் இடம் பெற்றிருப்பதை மேலே கண்டோம். எனவே கடன் பட்டவரிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்வதோடு நம் பொறுப்பு தீராது. கடன் கொடுத்தவர் தவணை நீட்டித்துத் தரட்டும். ஸூரத்துல் பகராவின் 280-ஆவது வசனம் அதைத்தான் ஏவுகிறது. கல்யாணச் செலவில் பெண் வீட்டாரைக் கடனாளியாக்குவோர், அந்தத் தந்தையின் இருதயத்தின் மீதும் சுமை ஏற்றுகிறோம் என்று அஞ்சட்டும்.

தனிமையும் இப்படியே. உறவும் நட்பும் குன்றியவர்களிடம் இருதய நோய் சுமார் 29 சதவீதம் அதிகமாகக் காணப்படுவதாக 2016-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஐவேளை ஜமாஅத்தும், நோயாளியைச் சந்திப்பதும், உறவைச் சேர்ந்து நடப்பதும் எவ்வளவு பெரிய ரஹ்மத்து! பிள்ளைகள் வெளிநாட்டில் சம்பாதிக்க, பெரிய வீட்டில் ஒற்றையாய் அமர்ந்திருக்கும் முதிய தாய் தந்தையரை எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் வரும் பணம் அவர்களுக்குப் பேச்சுத் துணையாகி விடாது. பக்கத்து வீட்டாரின் கடமை அங்கேதான் தொடங்குகிறது.

திக்ரும் மருந்தும்

அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்று ஸூரத்துர் ரஃதின் 28-ஆவது வசனம் அறிவிக்கிறது. காஃபிர்களின் பேச்சால் தம் நபியின் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதை அறிந்திருப்பதாகச் சொன்ன அல்லாஹ், அதற்கு நிவாரணமாகத் தஸ்பீஹையும் ஸஜ்தாவையும் காட்டியிருப்பதை ஸூரத்துல் ஹிஜ்ரின் இறுதி வசனங்களில் ஓதுகிறோம். ஆகவே திக்ரு, உள்ளத்தின் உணவு. இதில் சந்தேகமில்லை. ஆனால், திக்ரு செய்தால் இரத்தக் குழாயின் அடைப்புக் கரைந்துவிடும் என்று அல்லாஹ்வும் சொல்லவில்லை, அவனுடைய ரஸூலும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக ஆக்குவது தீனுக்குச் செய்யும் சேவையன்று.

ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்று, தம் திருக்கரத்தை அவருடைய நெஞ்சின் மீது வைத்தார்கள். உமக்கு இருதய நோய் உண்டாகியிருக்கிறது என்ற கருத்தில் கூறி, தகீஃப் கோத்திரத்தைச் சேர்ந்த வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு அனுப்பினார்கள். அபூதாவூதின் மருத்துவ பாடத்தில் இந்த ஹதீஸ் உள்ளது. இதன் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் வைத்தியம் செய்து கொள்ளுங்கள் என்ற பொதுவான கட்டளை, உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் வழியாக உறுதியாக வந்துள்ளது. துஆவின் கரத்தை நெஞ்சில் வைப்பதும், கால் வைத்தியரின் வாசலுக்கு நடப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

நமது முன்னோர்கள் இதை நன்கறிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ அவர்கள் உடல்களின் நலத்தையும் ஆன்மாக்களின் நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார்கள். உடல் நலமாயிருக்கும் காலத்திலேயே மருந்துகளைச் சேகரித்து வைப்பது போல, மனம் அமைதியாயிருக்கும் காலத்திலேயே நல்ல சிந்தனைகளைச் சேகரித்து வைக்க வேண்டும். கவலை வந்ததும் அவற்றை எடுத்துக் கொள்ளலாம் என்பது அவர்கள் தரும் அறிவுரை. இப்னு ஸீனாவோ இருதய மருந்துகளைப் பற்றித் தனி நூல் எழுதி, மகிழ்ச்சியும் துயரமும் இருதயத்தைப் பாதிக்கும் முறையையும் அதில் ஆராய்ந்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்து மனமும் சோர்ந்தவர்கள், ஆதரவு இழந்தவர்கள் 2,481 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தி, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். மனத்துக்கு அளித்த சிகிச்சையால் மனச்சோர்வு குறைந்தது. ஆனால் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. ஆகவே மனம் அமைதியாகிவிட்டது என்று இருதய மாத்திரையை நிறுத்துவது அறியாமை. அதேபோல், இருதயத்துக்கு மாத்திரை உண்கிறோமே என்று மனச்சோர்வை அப்படியே விட்டுவிடுவதும் அநியாயம். தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது அந்தக் கடைசி எண்ணம் ஒரே ஒரு நாள் வந்தாலும், மன நல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவரை ஈமான் குறைந்தவர் என்று சொல்லாதீர்கள். நீரிழிவு வந்தவரை நாம் அப்படிச் சொல்வதில்லையே!

இத்தாவின் மஸ்அலா

கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாட்கள் இத்தா இருக்க வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம். கர்ப்பிணியாயின் பிரசவம் வரை. அக்காலத்தில் காரணமின்றி வீட்டை விட்டு வெளியேறலாகாது. ஆனால் அவசியத்துக்காக வெளியே செல்ல ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் சட்ட நூல்களிலும் அனுமதி உண்டு. தலாக்குடைய இத்தாவிலிருந்த ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தமது பேரீச்சங்குலைகளை வெட்டச் செல்ல நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக முஸ்லிமில் உள்ளது. தோட்ட வேலைக்கே அனுமதி என்றால் உயிரைக் காப்பதற்குச் சொல்லவும் வேண்டுமா? ஆஸ்பத்திரியில் இரவு தங்க நேர்ந்தாலும் குற்றமில்லை. அதனால் இத்தா முறிந்துவிடாது. பெண் டாக்டர் உடனே கிடைக்காவிட்டால் ஆண் டாக்டர் தேவையான அளவு பார்த்துச் சிகிச்சை செய்யலாம்.

இது போன்ற நேரத்தில் ஹஜ்ரத்தைத் தேடி அலைய வேண்டாம், வண்டியைத் தேடுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் நெஞ்சு வலி தெளிவாக இல்லாமல், மூச்சிரைப்பு, குமட்டல், இனம் தெரியாத களைப்பு என்று மட்டும் வருவதும் உண்டு. வாயு என்றும், கண்ணேறு என்றும், துக்கம் என்றும் நாமே பெயர் சூட்டிப் படுக்க வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108 எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். வண்டியில் போகும்போது யாஸீன் ஓதுங்கள், தடுப்பவர் யார்?

தாய்மார்களே! சகோதரர்களே! உங்கள் மஹல்லாவில் இந்த மாதம் மௌத்து நேர்ந்த வீடு எது என்று எண்ணிப் பாருங்கள். கூட்டம் கலைந்துவிட்ட அந்த வீட்டுக்கு ஒரு சட்டிக் கஞ்சியோடு செல்லுங்கள். அழுதால் அழ விடுங்கள். மாத்திரை சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். அந்தத் தாயாரிடம் நாம் பின்னர் சென்று, அன்று சொன்னது தவறு, மன்னித்து விடுங்கள் என்று திரைக்கு இப்பால் நின்று கேட்டுக் கொண்டோம். "அதனால என்ன ஹஜ்ரத், எங்களுக்காக துஆச் செய்ங்க" என்றார்கள். அந்த ஒரு சொல்லில் நமது நெஞ்சின் பாரமும் இறங்கிற்று.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களுக்கு உன் நினைவைக் கொண்டு அமைதியளிப்பாயாக! எங்கள் இருதயங்களுக்கு ஆரோக்கியத்தைத் தருவாயாக! துக்கமுற்றோருக்கு ஆறுதலாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.